சிப்பிப்பாறையா, கோம்பையா? படூர் பக்கத்து வீட்டுக்கு எந்த நாய் பொருந்தும்?

திருப்போரூர் வட்டத்தில் படூர், தையூர், புதுப்பாக்கம், கேளம்பாக்கம் பக்கம் இன்னமும் ஆடு, மாடு, நாட்டுக்கோழி வைத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. முன்பு வீட்டைச் சுற்றி வயலும் ஏரிக்கரையும் இருந்தன. இப்போது ஒரு பக்கம் அடுக்குமாடி, இன்னொரு பக்கம் கல் நட்ட மனைப்பிரிவு, முன்னால் பழைய மாமல்லபுரம் சாலை. இரவில் ஆள் நடமாட்டம் கூடிவிட்டது. ஆட்டுப்பட்டிக்குள் தெருநாய்க் கூட்டம் புகுந்துவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. அதனால் ‘நல்ல நாட்டு நாயாக ஒன்று வாங்கி வளர்க்கலாம்’ என்று பலர் தேடுகிறார்கள்.

ராஜபாளையம் எல்லோருக்கும் தெரிந்த பெயர். அதைத் தாண்டித் தேடுபவர்கள் கடைசியில் இரண்டு பெயர்களில் வந்து நிற்கிறார்கள். ஒன்று சிப்பிப்பாறை, மற்றொன்று கோம்பை. 2020 ஆகஸ்ட் 30 அன்று பிரதமர் தனது ‘மனதின் குரல்’ வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை ஆகிய பெயர்களைச் சொன்ன பிறகு, தென் மாவட்டத்துக்கு வெளியிலும் இந்த நாய்களைப் பற்றிக் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள்.

இரண்டும் நம் தமிழ்நாட்டு நாய்கள்தான். ஆனால் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை வாங்கிச் சமாளிக்க முடியாது. உழவு மாட்டுக்கும் கறவை மாட்டுக்கும் எவ்வளவு வித்தியாசமோ, அவ்வளவு வித்தியாசம் இவற்றுக்குள் உண்டு. தவறாகத் தேர்ந்தெடுத்தால் பணம் மட்டும் போவதில்லை. பக்கத்து வீட்டு ஆடு சாகலாம், குழந்தைக்குக் கடி விழலாம், அல்லது நாயே சாலையில் அடிபட்டுக் கிடக்கலாம். எனவே வாங்குவதற்கு முன்பே யோசிக்க வேண்டிய விஷயம் இது.

ஒன்று ஓடுவதற்கு, ஒன்று நின்று காப்பதற்கு

சிப்பிப்பாறை விருதுநகர் மாவட்டத்து ஊரின் பெயர். அந்தக் கரிசல், மானாவாரி நிலங்களில் பருத்தியும் கம்பும் அறுவடையான பிறகு கண்ணுக்கு எட்டிய தூரம் வெட்டவெளியாக இருக்கும். அந்த வெளியில் முயலைத் துரத்திப் பிடிப்பதற்காகத் தலைமுறை தலைமுறையாக வளர்த்த நாய் இது. நீண்ட கால், ஒடுங்கிய வயிறு, ஆழமான மார்பு, மெல்லிய தோல், குட்டை மயிர். செவலை, சாம்பல் என்று பல நிறங்களில் வரும். கறுப்பு உடம்பில் செம்பழுப்புத் திட்டுகள் இருந்தால் அதைக் கன்னி என்பார்கள். மணமாகிப் போகும் பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்ததால் கன்னி என்று பெயர் வந்ததாகச் சொல்கிறார்கள். உடல்வாகிலும் குணத்திலும் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே இந்தக் கட்டுரையில் சிப்பிப்பாறைக்குச் சொல்வதெல்லாம் கன்னிக்கும் பொருந்தும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நாய் மோப்பத்தை விடக் கண்ணை நம்பி வேட்டையாடும் வகை. தூரத்தில் ஒன்று ஓடுவதைப் பார்த்துவிட்டால் போதும், கால் தானாகக் கிளம்பிவிடும். கிளம்பிய பிறகு நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும், விசில் அடித்தாலும் காதில் ஏறாது. அது கீழ்ப்படியாமை அல்ல. அதன் இயல்பே அப்படி. அதைத்தான் நம் முன்னோர்கள் விரும்பி, பொறுக்கி வளர்த்திருக்கிறார்கள்.

கோம்பை தேனி மாவட்டத்தில், உத்தமபாளையம் பக்கம் மேற்கு மலையடிவாரத்தில் இருக்கும் ஊர். பாளையக்காரர் ஆண்ட ஊர். மலையிலிருந்து காட்டுப்பன்றி இறங்கும் நிலம், கால்நடைக் காவல், வீட்டுக் காவல் என்று அங்கே தேவை வேறு. அதற்கேற்ற நாயும் வேறு. சிப்பிப்பாறையை விடச் சற்றுக் குட்டை, ஆனால் கட்டுமஸ்தான உடம்பு. அகன்ற மார்பு, பலமான தாடை, செம்பழுப்பு உடம்பு, கறுத்த வாய். தன் இடம் எது, தன் ஆள் யார் என்பதில் மிகத் தெளிவாக இருக்கும். அந்நியர் வந்தால் ஓடி ஒளியாது, எதிரே வந்து நிற்கும். வீட்டு ஆட்களிலும் ஒருவரையோ இருவரையோதான் முழு எஜமானாக ஏற்றுக்கொள்ளும்.

‘ராஜபாளையத்தையே வாங்கிவிடலாமே’ என்று கேட்கலாம். 2005 ஜனவரி 9 அன்று அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு இந்திய நாய் தபால்தலைகளில் ஒன்று ராஜபாளையத்துக்கு உரியது. அந்த அளவுக்குப் புகழ் பெற்ற நாய். ஆனால் அந்தப் பால் வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் சில குட்டிகளுக்குச் சேர்ந்து வரும். இளஞ்சிவப்புத் தோலுக்கு நம் கடற்கரை வெயிலும் அவ்வளவாக ஒத்துக்கொள்ளாது. அது தனிக் கட்டுரைக்கு உரிய விஷயம், இங்கே விட்டுவிடுவோம்.

படூரில் சிப்பிப்பாறை என்றால்…

சிப்பிப்பாறை வீட்டுக்குள் இருக்கும்போது சாதுவான நாய். தேவையில்லாமல் குரைக்காது. வீட்டு ஆட்களோடு ஒட்டிக்கொள்ளும். குட்டை மயிர் என்பதால் வெயிலைத் தாங்கும், குளிப்பாட்டுவதும் சுலபம். குடும்பத்துக்குள் கடிக்கும் குணம் குறைவு. இதையெல்லாம் பார்த்து ‘இதுதான் நமக்கு’ என்று முடிவு செய்துவிடத் தோன்றும்.

சிக்கல் கேட்டைத் திறக்கும்போது ஆரம்பிக்கிறது. அதன் சொந்த ஊரில் அது துரத்தி ஓடுவதற்கு வெட்டவெளி இருந்தது. படூரில் அது ஒரு பூனையைப் பார்த்து நானூறு அடி ஓடினால் எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். பழைய மாமல்லபுரம் சாலையில் இரவு பகல் பார்க்காமல் லாரியும் கம்பெனிப் பேருந்தும் ஓடுகின்றன. கேளம்பாக்கம் - வண்டலூர் சாலையும் அப்படியே. துரத்தும் நாய் வண்டியைப் பார்ப்பதில்லை, முன்னால் ஓடுவதை மட்டும்தான் பார்க்கும்.

அடுத்தது கோழி. சிப்பிப்பாறை உங்கள் வீட்டுக் கோழியோடு குட்டியிலிருந்தே வளர்ந்தால் உங்கள் கோழியை விட்டுவிடலாம். பக்கத்து வீட்டுக் கோழிக்கு அந்தச் சலுகை கிடைக்காது. மிரண்டு ஓடும் ஆட்டுக்குட்டியும் அதன் கண்ணுக்கு முயல் மாதிரிதான். உட்கார்ந்து அசை போடும் ஆட்டை ஒன்றும் செய்யாத நாய், அதே ஆடு துள்ளி ஓடும்போது பாய்ந்துவிடும்.

மூன்றாவது சட்டம். ஏரிக்கரையிலும் புதர்க்காட்டிலும் முயல், உடும்பு, மயில் இருக்கின்றன. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இவை பாதுகாக்கப்பட்ட உயிரினங்கள். நாயை விட்டுத் துரத்துவதும் அந்தச் சட்டத்தில் வேட்டைதான். ‘நாய்தான் பிடித்தது, நான் பிடிக்கவில்லை’ என்று வனத்துறையிடம் சொல்லித் தப்ப முடியாது. வேட்டைக்காக என்றே சிப்பிப்பாறை கேட்கும் இளைஞர்கள் இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் இந்தப் பக்கம் சிப்பிப்பாறை வளர்க்கவே கூடாதா? வளர்க்கலாம், சுற்றிலும் வேலி இருந்தால். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தென்னந்தோப்போ மாந்தோப்போ இருந்து, ஆறடி உயரத்துக்கு வலைக் கம்பி வேலியோ சுவரோ போட்டிருந்தால் அது அற்புதமான நாய். ஆறடி என்பதைக் குறைக்காதீர்கள், நான்கடிச் சுவரைச் சுலபமாகத் தாண்டிவிடும். முள்கம்பி வேலி இதற்கு ஆகவே ஆகாது. தோல் மெல்லியது, வேகத்தில் கம்பியில் பட்டால் துணி கிழிவது போலக் கிழியும், தையல் போட வேண்டி வரும். வேலிக்குள் காலையிலும் மாலையிலும் அரைமணி நேரம் முழு வேகத்தில் ஓட விட வேண்டும். ஓட்டம் இல்லாமல் சங்கிலியில் கட்டிப் போட்ட சிப்பிப்பாறை, மண்ணைத் தோண்டும், கயிற்றைக் கடிக்கும், சாப்பிடாமல் இளைக்கும்.

காவலுக்கு என்று மட்டும் இதை வாங்குபவர்கள் பெரும்பாலும் ஏமாறுவார்கள். அந்நியரிடம் ஒதுங்கியே இருக்கும் என்பது உண்மை. ஆனால் திருடனை மறித்து நிற்பதற்கென்று வளர்க்கப்பட்ட நாய் அல்ல.

படூரில் கோம்பை என்றால்…

ஆட்டுப்பட்டி, மாட்டுக் கொட்டகை, மோட்டார் செட் இவற்றுக்குக் காவல் வேண்டும், நாய் வீட்டை விட்டுப் போகக் கூடாது என்றால் என் ஓட்டு கோம்பைக்குத்தான். தன் எல்லையை விட்டு அதிகம் அலையாது. இரவில் விழித்திருக்கும். குட்டியிலிருந்து ஆடுகளோடு வளர்த்தால் அவற்றைத் தன் கூட்டமாக எடுத்துக்கொள்ளும்.

ஆனால் ஒரு விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் தெருநாய்க் கூட்டம் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொன்றதும், இழப்பீடு கேட்டு விவசாயிகள் போராடியதும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அப்படி ஏழெட்டு நாய்கள் கூட்டமாக வந்தால் ஒரு கோம்பையால் எதிர்த்து நிற்க முடியாது, கடிபட்டுச் சாகத்தான் செய்யும். அதன் வேலை குரைத்து உங்களை எழுப்புவது. ஆட்டைக் காப்பாற்றுவது பட்டியின் வேலிதான். வலைக் கம்பியை ஒரு அடி மண்ணுக்குள் புதைத்து, மேலே ஐந்தடிக்கு மேல் உயர்த்திக் கட்டிய பட்டி இல்லாமல் நாயை மட்டும் நம்பினால், ஆட்டோடு நாயையும் இழக்க நேரிடும். கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் முதலில் வேலி போடுங்கள்.

கோம்பைக்கும் நம் பகுதிக்கும் உள்ள பெரிய உரசல் வேறு இடத்தில் இருக்கிறது. படூரில் இன்று பல வீடுகளின் மாடியில் வாடகைக்கு ஆள் இருக்கிறார்கள். சிறுசேரி கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள், கல்லூரி மாணவர்கள். அவர்கள் இரவு இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து வருவார்கள். அவர்களைப் பார்க்க நண்பர்கள் வருவார்கள், சாப்பாடு கொண்டு வரும் பையன் ஹெல்மெட்டோடு கேட்டைத் திறப்பான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆளே மாறிவிடும். ‘இவர் நம்மவர், இவர் அந்நியர்’ என்று பிரித்துப் பார்ப்பதே தொழிலாக இருக்கும் ஒரு நாயை இந்த வீட்டில் விட்டால் அது என்ன செய்யும்? அதன் கணக்குப்படி எல்லோரும் அந்நியர்தான். குடித்தனக்காரர் இருக்கும் வீட்டிலும், டியூஷனுக்குப் பிள்ளைகள் வரும் வீட்டிலும், வாசலிலேயே கடை வைத்திருக்கும் வீட்டிலும் கோம்பை வேண்டாம் என்பதே என் கருத்து. தோட்டத்து வீடு, தனி வீடு, வந்து போகிறவர்கள் குறைவு என்றால் தாராளமாக வளர்க்கலாம்.

இன்னொன்று, பகலில் நாயோடு வீட்டில் இருக்கப் போவது யார்? குட்டியை விரும்பி வாங்கி வருவது மகன். அவர் காலையில் வேலைக்குப் போய்விடுவார். வீட்டில் இருப்பது வயதான அம்மாவும் பேரப்பிள்ளையும். வளர்ந்த கோம்பை கயிற்றை இழுத்தால் அறுபது வயது அம்மாவால் பிடித்து நிறுத்த முடியாது. யார் தினமும் சோறு போட்டு, கயிற்றில் கூட்டிப்போய், அதட்டி வளர்க்கப் போகிறார்களோ, அவர் சம்மதித்த பிறகுதான் குட்டியை வாங்க வேண்டும்.

‘ஏங்க, கடிக்கிற நாய்தானே காவலுக்கு நல்லது?’ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மிளகாய்ப்பொடி வைத்து, அடித்து, இருட்டில் கட்டி ‘கோபம்’ ஏற்றி வளர்க்கும் பழக்கமும் சில இடங்களில் உண்டு. அது நாயைக் காவல் நாயாக்காது, பயந்த நாயாக்கும். பயந்த நாய்தான் யாரென்று பார்க்காமல் கடிக்கும். வளர்க்கும் நாயை அலட்சியமாக விட்டு மற்றவருக்கு ஆபத்து ஏற்பட்டால், பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 291-ன் கீழ் 6 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டும் சேர்த்தோ கிடைக்கலாம். வைத்தியச் செலவும் ஊர்ப் பகையும் அதற்கு மேல்.

கோம்பைக் குட்டி வீட்டுக்கு வந்த முதல் ஆறு, ஏழு வாரம் மிக முக்கியம். நாய்க்குட்டிக்குப் பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரை பார்ப்பதெல்லாம் பழகும். இந்த நாட்களில் ஆடு, கோழி, மாடு, சின்னப் பிள்ளைகள், பால்காரர், கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவர், ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர் எல்லோரையும் அமைதியாகக் காட்டிப் பழக்குங்கள். தடுப்பூசி முடியும் வரை தெருநாய் புழங்கும் இடத்தில் இறக்கி விடாமல் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினால் போதும். ‘யாரிடமும் பழகாமல் வளர்த்தால்தான் கெட்டியாக இருக்கும்’ என்று கூண்டுக்குள் அடைப்பவர்கள்தான் பின்னால் சிரமப்படுவது.

குட்டி வாங்கும் இடத்தில் கவனம்

இந்த இனங்களுக்குச் சென்னை சைதாப்பேட்டையில் கால்நடைத் துறையின் நாய் இனப்பெருக்கப் பிரிவு ஒன்று இருந்தது. ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னிக் குட்டிகளை அங்கே வாங்கலாம். பராமரிப்பு சரியில்லை என்று வழக்காகி, உயர் நீதிமன்ற உத்தரவுப்படி அது மூடப்பட்டது. அதனால் இப்போது தனியார் வளர்ப்பவர்களிடம்தான் வாங்க வேண்டியிருக்கிறது.

கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்து முதோல் ஆகியவற்றைத் தனி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது. ஒரு இனம் பதிவாகியிருப்பது வேறு, விற்பவர் கையில் இருக்கும் குட்டி அந்த இனம்தானா என்பது வேறு. கோம்பையில் இந்த ஏமாற்று இன்னும் சுலபம். செவலை உடம்பும் கறுத்த வாயும் உள்ள நாய் நம் ஊர்த் தெருவிலேயே நிறைய உண்டு. இரண்டு மாதக் குட்டியில் அதற்கும் கோம்பைக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது பழகியவர்களுக்கே கஷ்டம். நிறத்தை மட்டும் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள். தாயைப் பாருங்கள், முடிந்தால் தகப்பனையும் பாருங்கள். தாய் நாய் உங்களைப் பார்த்து எப்படி நடந்துகொள்கிறது என்பது குட்டியைப் பற்றிப் பாதி சொல்லிவிடும். பயந்து நடுங்கிக் கடிக்க வரும் தாயின் குட்டி வேண்டாம். தாயைக் காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்பதை 2017-ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகள் தடை செய்கின்றன. வளர்த்து விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. சந்தையில் கூடையில் வைத்து விற்கும் முப்பது நாள் குட்டியை இரக்கப்பட்டு வாங்கி வந்து, நான்காம் நாள் ரத்தக் கழிச்சலில் பறிகொடுப்பது அடிக்கடி நடக்கிற கதை. அது பார்வோ என்னும் வைரஸ் நோய். தேனியிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் பேருந்து பார்சலில் குட்டியை வரவழைப்பதும் அதே போலத்தான். இரவு முழுக்கப் பயணம், தண்ணீர் இல்லை, பயம். உடம்பின் எதிர்ப்புச் சக்தி இறங்கிய நேரத்தில் நோய் தொற்றிக்கொள்ளும். ஒரு நாள் ஒதுக்கி நேரில் போய், பார்த்து, மடியில் வைத்துக் கொண்டு வாருங்கள்.

அழகுக்காகக் காதை வெட்டித் தருகிறேன், வாலை நறுக்கித் தருகிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். காவலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அது மிருக வதை.

ஆடு வைத்திருப்பவர்கள் கட்டாயம் படிக்க வேண்டியது

எந்த நாயை வாங்கினாலும் இதைச் செய்யாவிட்டால் ஆட்டுக்கு நஷ்டம். ஆட்டுத்தலை, மூளை, ஈரல், நுரையீரலைப் பச்சையாக நாய்க்குப் போடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஆட்டின் மூளையில் நீர்க்கட்டி மாதிரி ஒரு நாடாப்புழுவின் இளம்பருவம் இருக்கலாம். நாய் அதைத் தின்றால் அதன் குடலில் புழு வளரும். முட்டைகள் நாயின் சாணத்தோடு மேய்ச்சல் புல்லில் விழும். புல்லை மேயும் ஆட்டின் மூளைக்குப் போய் மறுபடி கட்டியாகும். அப்படிப்பட்ட ஆடு தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வரும், கடைசியில் விழுந்து சாகும். ‘திருஷ்டி பட்டுவிட்டது’ என்று மந்திரிக்கப் போகிறவர்கள், தங்கள் நாய்க்குக் கடைசியாக எப்போது பூச்சி மருந்து கொடுத்தோம் என்று யோசிப்பதில்லை. இன்னொரு வகை நாடாப்புழுவால் மனிதர்களுக்கும் ஈரலில் நீர்க்கட்டி வரும்.

வழி சுலபமானது. கறிக்கழிவை வேகவைக்காமல் போடாதீர்கள். குட்டிக்கு இரண்டு வார வயதிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மூன்று மாதத்துக்குப் பிறகு மாதம் ஒருமுறை, ஆறு மாதத்துக்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு நீக்க மருந்து கொடுங்கள். நாடாப்புழுவுக்கு வேலை செய்யும் பிராசிகுவாண்டல் கலந்த மருந்தா என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். சாதாரண ஆட்டுப் பூச்சி மருந்தை அளவு தெரியாமல் ஊற்றுவது பலன் தராது.

உண்ணியும் அப்படியே. ஆட்டுக்கும் மாட்டுக்கும் தெளிக்க வாங்கிய உண்ணி மருந்தை நாய் மேல் கைக்கு வந்தபடி ஊற்றினால், நக்கி விஷமாகிவிடும். நம் பகுதியில் உண்ணிக் காய்ச்சல் சர்வ சாதாரணம். நாய் திடீரென்று சோறு தின்னாமல், ஈறு வெளுத்து, மூக்கில் ரத்தம் வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். சிப்பிப்பாறையின் குட்டை மயிரில் உண்ணியைக் கண்ணால் பார்த்தே எடுத்துவிடலாம், காது மடலுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் தேடுங்கள்.

வடகிழக்குப் பருவமழையில் வயலும் தெருவும் தண்ணீரில் நிற்கும்போது எலி, பெருச்சாளியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் எலிக் காய்ச்சல் பரவும். நாய்க்கும் வரும், நாயிடமிருந்து நமக்கும் வரும். தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். கூடத்திலோ திண்ணையிலோ மேடான, காய்ந்த இடத்தில் படுக்க வையுங்கள். சிப்பிப்பாறைக்கு உடம்பில் கொழுப்பு குறைவு என்பதால் மார்கழிக் குளிரில் ஒரு சாக்குப் படுக்கையாவது வேண்டும்.

தடுப்பூசி, சாப்பாடு

ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் பார்வோ, டிஸ்டெம்பர், எலிக் காய்ச்சல் உள்ளிட்ட நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி. மூன்று, நான்கு வார இடைவெளியில் மறுபடி, நான்கு மாத வயது வரை. மூன்று மாதம் முடிந்ததும் வெறிநோய் தடுப்பூசி, மருத்துவர் சொல்லும் நாளில் அடுத்த ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை தவறாமல். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தை ஒட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் முகாம் நடக்கும், விசாரித்துப் போட்டுக்கொள்ளுங்கள். ஊசி போட்ட அட்டையைப் பத்திரமாக வையுங்கள். நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் உங்களுக்கு ஆதாரம் அதுதான்.

வீட்டு நாயே கடித்தாலும், பல் பட்டு லேசாகக் கீறினாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் ஊசி போடுவார்கள். காயம் ஆழமாக இருந்தால் கூடுதலாக ஒரு மருந்தைக் காயத்திலேயே செலுத்துவார்கள். மஞ்சள், சுண்ணாம்பு வைத்துக் கட்டிவிட்டு வீட்டில் இருக்கக் கூடாது. வெறிநோய் வந்த பிறகு வைத்தியம் இல்லை.

சாப்பாட்டில் வெறும் மோர் சோறு மட்டும் போட்டு வளர்த்தால் எந்த நாயும் எலும்பு வளராமல் போகும். சோறோ கம்பங்கூழோ பாதி, மீதி வேகவைத்த முட்டை, கோழிக் கழிவு, முள் எடுத்த மீன், பருப்பு என்று இருக்கட்டும். கோவளம் பக்கம் மலிவாகக் கிடைக்கும் சின்ன மீனை வேகவைத்துக் கொடுக்கலாம். வெங்காயம், சாக்லேட், திராட்சை, வேகவைத்த கோழி எலும்பு கூடாது. சிப்பிப்பாறைக்கு இரண்டு மூன்று விலா எலும்பு தெரிவது இயல்பு. ‘நாய் இளைச்சுப் போச்சு’ என்று கொழுக்க வைக்காதீர்கள். வயிறு நிறைந்த உடனே ஓட விடவும் வேண்டாம். ஆழமான மார்புள்ள நாய்க்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும், சில மணி நேரத்தில் உயிர் போய்விடும்.

எலி மருந்து, பயிருக்கு அடித்த பூச்சிமருந்தின் டப்பா, மருந்து கலந்த தண்ணீர் வாளி இவற்றை நாய் எட்டும் இடத்தில் விடாதீர்கள்.

இரண்டும் ஒத்துவராத வீடு

படூரில் பெரும்பாலான வீடுகள் இந்த வகைதான் என்று நினைக்கிறேன். இரண்டு சென்ட் மனை, மாடியில் குடித்தனம், வாசலில் சாலை, பின்னால் நான்கு ஆடு. வேலி போட்டு ஓட விட இடமில்லை, அந்நியர் வராத வீடும் இல்லை. இப்படிப்பட்ட வீட்டுக்கு நம் தெருவிலேயே பிறந்த, நல்ல குணமுள்ள தாயின் குட்டி ஒன்றை எடுத்து, ஊசி போட்டு, கருத்தடை செய்து வளர்ப்பது நல்லது. அதற்கு நம் வெயில், மழை, தெரு, ஆள் எல்லாம் பழகியது. அந்நியர் வந்தால் குரைத்துச் சொல்லும். திருட்டைத் தடுக்க அதுவே பெரும்பாலும் போதும். ‘சாதி நாய்’ என்ற பெருமை மட்டும் கிடைக்காது.

கருத்தடை பற்றி ஒரு வார்த்தை. குட்டி போட்டு விற்கும் எண்ணம் இல்லாவிட்டால் எந்த இனமானாலும் செய்துவிடுங்கள். சூட்டுக்கு வந்த பெட்டை ஊர் நாய்களையெல்லாம் உங்கள் ஆட்டுப்பட்டி வாசலுக்கு அழைத்து வந்துவிடும். சிப்பிப்பாறைக்கோ கன்னிக்கோ அறுவை சிகிச்சை என்றால், இது கொழுப்பு குறைந்த ஓட்ட நாய் என்பதை மயக்க மருந்து கொடுக்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். சில மயக்க மருந்துகள் இந்த வகை நாய்களின் உடம்பை விட்டு மெதுவாகத்தான் நீங்கும், அதற்கேற்ற மருந்தை அவர் தேர்ந்தெடுப்பார். காட்டுப்பாக்கத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையம் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது, ஆடு வளர்ப்பு பற்றியும் அங்கேயே ஆலோசனை கேட்கலாம். பெரிய சிகிச்சை என்றால் வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு போகலாம். அவசரத்துக்குக் கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962.